பொராசிட்டி: ‘நுண்துளைமை’ வேண்டாம், ‘செதில்விரிவு’ என்று வைக்கலாமா?

வணக்கம்.

முடி எவ்வளவு விரைவாக நீரை ஏற்கிறது, இழக்கிறது என்பதைச் சுருள்முடிப் பராமரிப்பில் பொராசிட்டி (porosity) என்கிறார்கள். அதற்குத் தமிழில் ‘நுண்துளைமை’ போதும் என்று இந்தக் கலைச்சொல் விவாதம் முடிந்துவிடும் போலிருக்கிறது. அதற்கு முன் என் மறுப்பைப் பதிந்துவிடுகிறேன். பாறைக்கும் மண்ணுக்கும் அது நல்ல சொல். முடிக்கு வந்தால் வழிதவற வைக்கிறது.

இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் அக்கா மகளுக்கு நெருக்கமான சுருள்முடி. அவளுக்காக ஒரு குறிப்பைத் தமிழாக்கிக் கொடுத்தேன். ‘நுண்துளைமை மிகுந்த முடிக்குக் கெட்டியான கிரீம் பூசவும்’ என்று அதில் ஒரு வரி. துளை என்றதும் முடி முளைக்கும் துளைகளை நினைத்துக்கொண்டாள். கிரீமைத் தலைத்தோலில் அழுத்தித் தேய்த்தாள். தோல் பிசுபிசுத்தது, வறண்டு கிடந்த நுனிகள் சிலும்பியபடியே நின்றன. அவள் கவனமாகத்தான் படித்திருந்தாள். நான்தான் தவறான சொல்லைக் கொடுத்திருந்தேன்.

முடி இழையின் புறத்தே 5 முதல் 10 அடுக்குச் செதில்கள், கூரை ஓடுகளைப்போல, நுனியை நோக்கி ஒன்றன்மேல் ஒன்று கவிந்திருக்கின்றன. அவை நன்றாகப் படிந்திருந்தால் நீர் மெல்ல நுழையும், மெல்ல வெளியேறும். விளிம்புகள் தூக்கிக்கொண்டோ உடைந்தோ இருந்தால் சட்டென்று நுழையும், அதே வேகத்தில் போய்விடும். சாயமும் சூடும் அழுத்திச் சீவுவதும் விளிம்புகளைத் தேய்க்கின்றன. முடியை வெளுக்கும் மருந்து இன்னும் கொடியது: நீரை ஒட்டவிடாத மெல்லிய கொழுப்புப் படலம் ஒன்று செதிலின்மேல் இருக்கிறது, அதையே நீக்கிவிடுகிறது. ஆக, பொராசிட்டி என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி செதில் கிடக்கும் நிலைதான்.

‘நீரேற்புத் திறன்’ என்றும் ஒருவர் முன்மொழிந்திருந்தார். ஓசை நன்றாக இருக்கிறது. ஆனால் ‘திறன்’ வந்ததும் மிகுதி நல்லது என்று தோன்றிவிடும். நீரை வேகமாக இழப்பதும் அதே முடிதான். அந்தப் பாதி சொல்லில் இல்லை.

என் முன்மொழிவு: செதில்கள் படிந்த முடி ‘படிசெதில் முடி’, விரிந்தது ‘விரிசெதில் முடி’, இந்தப் பண்பின் அளவு ‘செதில்விரிவு’. முதல் இரண்டும் வினைத்தொகை, ஆகவே ‘படிச்செதில்’ என்று ஒற்று மிகாது. ‘விரிசடை’ நமக்குப் பழகிய சொல், ‘விரிசெதில்’ அதன் பக்கத்தில் இயல்பாக உட்காருகிறது.

ஒரு கலைச்சொல்லைப் பயன்படும் வாக்கியத்தில் வைத்துப் பார்ப்பது என் வழக்கம். ‘படிசெதில் முடியில் கெட்டியான கிரீம் உள்ளே போகாமல் மேலேயே தங்கும், வெதுவெதுப்பான நீரில் நனைத்து, நீர்த்த கண்டிஷனரைச் சிறிதளவு தடவவும், படிவு சேர்ந்தால் நன்கு கழுவவும்.’ ‘விரிசெதில் முடியில் சொட்டச் சொட்ட ஈரம் இருக்கும்போதே கிரீமும் அதன்மேல் ஜெல்லும் பூசவும்.’ காரணத்தைச் சொல்லே சுமந்துகொண்டு வருகிறது, தனி விளக்கம் தேவைப்படவில்லை.

இன்னொரு வசதியும் உண்டு. முடி மாதம் ஏறத்தாழ 1 செ.மீ. வளர்கிறது. 36 செ.மீ. நீள முடியின் நுனிக்கு வயது மூன்று. அத்தனை நாள் சிக்கெடுப்பையும் வெயிலையும் தாங்கிய பகுதி அது. ‘வேர்ப்பக்கம் படிசெதில், நுனியில் விரிசெதில்’ என்று எழுதினால், இரண்டு இடத்துக்கும் ஒரே பொருளை ஒரே அளவில் பூசக்கூடாது என்பது உடனே விளங்கிவிடும்.

சிகையலங்காரக் கலைஞர் ஆண்ட்ரே வாக்கரின், நேர்முடி 1 தொடங்கி மிக நெருக்கமான சுருள் 4 வரையான வகைப்பாடு இருக்கும்போது இது எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். அது வளைவின் வடிவத்தை மட்டும் சொல்கிறது. ஒரே 3ஆம் வகைச் சுருள் கொண்ட இருவரில் ஒருவருக்கு முடி அரை நாள் ஈரமாகவே கிடக்கலாம், மற்றவருக்கு விரைவில் உலர்ந்துவிடலாம். இவர்களுக்கு ஒரே பராமரிப்பு பொருந்தாது.

‘திறந்த செதில், மூடிய செதில்’ என்பதையும் தவிர்க்க வேண்டுகிறேன். கதவைப்போல நினைத்துத்தான் குளிர்ந்த நீர் செதிலை மூடிவிடும் என்று பலர் நடுங்கிக்கொண்டு தலை அலசுகிறார்கள். செதிலைத் தூக்குவது காரத்தன்மை. சற்றே அமிலத்தன்மையுள்ள கண்டிஷனர் அதைப் படிய வைக்க உதவுகிறது. உடைந்த விளிம்பு எதனாலும் பழைய நிலைக்குத் திரும்பாது.

நீர்க்குவளையில் ஒரு முடியை மிதக்கவிட்டு, அது மிதக்கிறதா மூழ்கிறதா என்று பார்த்துச் செதில்விரிவை முடிவுகட்டும் சோதனையையும் விட்டுவிடலாம். முடியிலுள்ள எண்ணெயும் நீரின் பரப்பு இழுவிசையுமே அதை மிதக்க வைத்துவிடும்.

இதோடு இன்னொரு சொல்லும்: ஜெல் காய்ந்ததும் சுருளின்மேல் மொறமொறப்பாக நிற்கும் உறைக்கு ‘பொருக்கு’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளலாம். முழுதும் உலர்ந்த பிறகு கையால் மெல்லக் கசக்கிப் பொருக்கை உடைத்தால் சுருள் மென்மையாகிவிடும். காய்ந்த சேற்றுக்கும் புண்ணுக்கும் நாம் சொல்லிவருவதுதான், புதிதாக எதையும் ஆக்க வேண்டியதில்லை.

ஒரு தயக்கம் மட்டும் எனக்கு இருக்கிறது. தலைத்தோலிலிருந்து உதிர்வதையும் செதில் என்கிறோம். ‘விரிசெதில்’ என்றதும் பொடுகை நினைப்பவர்கள் இருப்பார்களா? ‘முடி’ என்ற சொல்லை ஒட்டியே எழுதினால் குழப்பம் வராது என்று நம்புகிறேன். ஆனாலும் சுருள்முடி உள்ள, இந்த விவாதத்தைப் படிக்காத ஒருவரிடம் சொல்லைக் காட்டி என்ன புரிகிறது என்று கேட்டுச் சொல்லுங்கள். அக்கா மகளிடம் நானும் கேட்கிறேன்.