காரையில கடல் இருந்தப்ப யார் கார் ஓட்டுனா?

பெரம்பூர்_பிஸ்தா:
ஞாயித்துக்கிழமை பெரம்பலூர் பக்கம் காரை போயிட்டு வந்தேன். மழை அரிச்ச களிமண் மேடு, கால் வச்ச இடமெல்லாம் பென்சில் துண்டு மாதிரி பெலெம்னைட் புதைபடிவம், கணவாய் மீனுக்கு பழைய சொந்தமாம். சுமார் 10 கோடி வருஷம் முன்னாடி அங்க கடல். பெட்ரோல் பங்க்கே இல்லாத காலத்துல கடல் அவ்ளோ உள்ள வந்திருக்குன்னா இப்ப பூமி சூடாகுது, கடல் ஏறுது, கார்பன்தான் காரணம்னு எதுக்குப்பா இந்த அலறல்?

பல்லாவரம்_பாறை:
நண்பா, உதாரணமே தப்பு. அப்ப துருவத்துல பெரிய ஐஸே கிடையாது, கூடவே கோண்ட்வானாங்கற பழைய பெருங்கண்டம் உடைஞ்சு இந்த ஓரமும் தாழ்ந்துச்சு, ரெண்டும் சேர்ந்துதான் கடல் வந்துச்சு. கார்பன் கதை வேணும்னா 5.6 கோடி வருஷம் முன்னாடி நடந்தத எடுங்க, பூமி 5 டிகிரிக்கு மேல சூடாச்சு. 2003ல ஆப்பிரிக்காவுக்கு மேற்க, வால்விஸ் ரிட்ஜ்ங்கற கடலடி மலைத்தொடர்ல கடலடிய துளைச்சு எடுத்த மண்ணுல வெள்ளையா வந்துட்டிருந்த சுண்ணாம்பு சேறு திடீர்னு செங்களிமண்ணா மாறுது. தண்ணி அமிலமாகி குட்டி கடல் உயிரிகளோட சுண்ணாம்பு ஓடெல்லாம் கரைஞ்சு போச்சு, மிச்சம் களிமண்தான்.

பெரம்பூர்_பிஸ்தா:
"திடீர்னு" நீங்களே சொல்லிட்டீங்க! ஆழ்கடல்ல 1000 வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு சென்டிமீட்டர்தான் சேறு படியும், அதையும் புழு பூச்சி கிளறி விட்டுடும், அப்புறம் எப்படி அன்னிக்கி மெதுவா நடந்துச்சு இன்னிக்கிதான் வேகம்னு சொல்றீங்க? 200 வருஷத்துல நடந்திருந்தாலும் அதே கோடுதானே தெரியும்?

பள்ளிக்கரணை_அக்கா:
நடுவுல வரேன். எங்க வீட்டு சம்ப் தோண்டுனப்ப பத்தடியில சாம்பல் கலர் களிமண், ஒரே நாத்தம், உள்ள சிப்பி, விரல்ல எடுத்தா சுண்ணாம்பா உதிருது. 20,000 வருஷம் முன்னாடி கடல் மட்டம் 120 மீட்டர் கீழ இருந்துச்சு, ஐஸ் உருக உருக மேல ஏறுச்சு. சிப்பிக்கு என்ன, குஞ்சு மிதந்து போய் வேற எடத்துல ஒட்டிக்கும், எனக்கு இன்னும் 14 வருஷம் ஈஎம்ஐ இருக்கு.

பல்லாவரம்_பாறை:
அக்கா 😂 பிஸ்தா, உங்க கேள்வி நியாயமான கேள்விதான், சேறு நல்ல கடிகாரம் இல்ல. ஆனா வேற வழி இருக்கு. கார்பன் சட்டுனு கொட்டியிருந்தா கடல் உடனே சூடாகாது, அந்த உயிரிகளோட ஓட்டுல முதல்ல கார்பன் அடையாளம் மாறணும், வெப்ப அடையாளம் பின்னாடி வரணும். அமெரிக்காவுல நியூஜெர்சில எடுத்த அதே காலத்து மண்ணுல ரெண்டும் ஒண்ணாவே நகருது, அதனால கார்பன் கொட்ட குறைஞ்சது 4000 வருஷம் ஆச்சுன்னு கணக்கு போடுறாங்க. நாம 200 சொச்சம் வருஷத்துல காத்துல இருக்கற கார்பன் டை ஆக்சைட 280லேர்ந்து 420 பிபிஎம் (பத்து லட்சத்துல இத்தனை பங்கு) தாண்ட வச்சுட்டோம். அந்த மெதுவான வேகத்துக்கே ஆழ்கடல் ஃபோராமினிஃபெரா, அதாவது ஓடு போட்ட ஒத்த செல் உயிரி, வகைகள்ல மூணுல ஒண்ணுக்கு மேல காலி, வயோமிங்ல குட்டி நாய் சைஸ்ல இருந்த குதிரையோட மூதாதை பூனை சைஸுக்கு சுருங்கிடுச்சு. பழையபடி ஆக 1 லட்சம் வருஷத்துக்கு மேல ஆச்சு.

பெரம்பூர்_பிஸ்தா:
ரெண்டும் ஒண்ணா நகருதுங்கற பாயிண்ட் எனக்கு புதுசு, வேகத்த ஒத்துக்கறேன். ஆனா எல்லா வெள்ளத்துக்கும் இதையே காரணம் சொல்லாதீங்க, ஏரிய மூடி ப்ளாட் போட்டது கார்பன் இல்ல.

பள்ளிக்கரணை_அக்கா:
அது கரெக்ட். அந்த பென்சில் துண்டு எதுவும் எடுத்துட்டு வரலையே?

பெரம்பூர்_பிஸ்தா:
...ரெண்டு.

பல்லாவரம்_பாறை:
அடுத்த ஞாயிறு திருப்பி வச்சுட்டு வாங்க, நானும் வரேன்.