கோதுமையில்லாத பிரெட் நடுவில் அமிழ்ந்துவிடுகிறது: ஒரு வார இரவு உணவுப் பட்டியலோடு ஒரு கேள்வி

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். எட்டு வயதாகும் என் மகளுக்குச் சீலியாக் நோய் (கோதுமை, பார்லி போன்றவற்றிலுள்ள குளூட்டன் என்னும் புரதம் சிறுகுடலைப் புண்படுத்தும் நோய்) இருப்பது ஏழு மாதங்களுக்கு முன் குருதிப் பரிசோதனையாலும் சிறுகுடல் திசு ஆய்வாலும் உறுதியானது. அன்றிலிருந்து கோதுமை, மைதா, ரவை, சேமியா, பார்லி, மால்ட் கலந்த சத்துப் பானம் எதுவும் அவள் தட்டுக்கு வருவதில்லை. இரவு உணவைப் பொறுத்தவரை நம் சமையலே எனக்குப் பெரும் துணையாக இருக்கிறது. கடந்த வாரம் திங்களன்று இட்லியும் சாம்பாரும், செவ்வாயன்று முருங்கைக்கீரை போட்ட கேழ்வரகு அடை, புதனன்று இடியாப்பமும் தேங்காய்ப்பாலும், வியாழனன்று பருப்பு அடையும் அவியலும், வெள்ளியன்று குதிரைவாலி வெண்பொங்கலும் கத்தரிக்காய் கொத்சும், சனியன்று ரசம் சோறும் உருளைக்கிழங்கு வறுவலும், ஞாயிறன்று தோசையும் மிளகாய்ப்பொடியும் செய்தேன். இவற்றில் எதையும் அவளுக்கென்று தனியாகச் செய்ததாக நான் உணரவில்லை. என் கணவருக்கும் மாமியாருக்கும் வாரத்தில் இரண்டு நாள் சப்பாத்தி மட்டும் கூடுதலாக இடுவேன்.

நான் தோற்றுக்கொண்டிருப்பது பிரெட்டில்தான். பள்ளியில் தோழிகள் சாண்ட்விச் கொண்டுவரும் நாளில் தானும் ஒன்று கொண்டுபோக வேண்டும் என்பது அவள் ஆசை. முதல் முறை 200 கிராம் பச்சரிசி மாவும் 100 கிராம் கார்ன்ஃபிளாரும் 7 கிராம் ஈஸ்ட்டும் சேர்த்தேன். செங்கல் போல வந்தது. இரண்டாம் முறை பாதிக்குப் பாதி கேழ்வரகு மாவு சேர்த்தபோது நிறமும் மணமும் நன்றாக இருந்தும் தொட்டவுடன் உதிர்ந்தது. மூன்றாம் முறை 5 கிராம் இசப்கோல் (தண்ணீரில் கூழாகும் ஒரு விதையின் உமி) சேர்த்து, 250 மில்லி தண்ணீர் விட்டு, இரண்டு மணி நேரம் பொங்கவிட்டேன். அச்சின் விளிம்பைத் தாண்டி அழகாக எழுந்த மாவு, 180 டிகிரியில் 35 நிமிடம் வைத்து வெளியே எடுத்ததும் என் கண்முன்னே நடுவில் அமிழ்ந்துவிட்டது. சூட்டோடு அறுத்துப் பார்த்தால் அடிப்பகுதி களிபோல் இருந்தது. எங்கே தவறுகிறேன் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1

சகோதரி, உங்கள் மூன்றாம் முயற்சி தோல்வியன்று. வெற்றிக்கு மிக அருகில் வந்து நின்றிருக்கிறீர்கள். கோதுமை மாவைப் பிசையும்போது குளூட்டன் ஒரு வலையாக உருவாகி ஈஸ்ட் விடும் காற்றைப் பிடித்துக்கொள்கிறது. அரிசியிலும் கேழ்வரகிலும் அந்த வலை கிடையாது என்பதால், அந்த வேலையை நனைந்து கூழாகிய இசப்கோல்தான் செய்தாக வேண்டும். 300 கிராம் மாவுக்கு 5 கிராம் போதாது. 20 கிராம் எடுத்து, அதை மாவோடு உலர்வாகக் கலக்காமல், 350 மில்லி தண்ணீரில் முதலில் கரைத்துப் பத்து நிமிடம் விட்டால் கெட்டியான கூழாகும். மருந்துக் கடையில் வாங்கும்போது சுவையூட்டாத வெறும் இசப்கோலாகப் பார்த்து வாங்குங்கள்.

மாவுக் கலவையையும் மாற்றுங்கள். நான் 120 கிராம் பச்சரிசி மாவு, 80 கிராம் வெள்ளைச்சோள மாவு, 100 கிராம் மரவள்ளி மாவு என்று சேர்க்கிறேன். அதனுடன் 7 கிராம் ஈஸ்ட், 15 கிராம் சர்க்கரை, 5 கிராம் உப்பு, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், இரண்டு தேக்கரண்டி வினிகர். இது சப்பாத்தி மாவு போல் உருட்ட வராது. வடை மாவைப் போல் ஈரக்கையால்தான் அச்சில் அமுக்க வேண்டும். ஒரே முறை, அச்சின் விளிம்பைத் தொடுவதற்குச் சற்று முன்வரை பொங்கினால் போதும். அதற்கு மேல் விட்டால் காற்று தன் சுவர்களையே மெலிதாக்கிவிடுகிறது. வெந்து இறுகுவதற்குள் அவை சரிந்துவிடுகின்றன. 200 டிகிரியில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் வையுங்கள். சமையல் வெப்பமானி இருந்தால் நடுப்பகுதி 97 டிகிரியைத் தொட வேண்டும். முழுவதும் ஆறும்வரை, அதாவது மூன்று மணி நேரமாவது, கத்தியைத் தொடாதீர்கள். ஸ்டார்ச் ஆறும்போதுதான் இறுகுகிறது. நீங்கள் கண்ட களித்தன்மையில் ஒரு பங்கு அவசரமாக அறுத்ததால் வந்தது.

மறுமொழி 2

என் மகனுக்கும் இதே நோய்தான்; பதினோரு ஆண்டுகளாக இந்த அடுக்களையில் பழகியிருக்கிறேன். பிரெட்டைப் பற்றி மேலே நன்றாகச் சொல்லிவிட்டார்கள். எனக்குக் கவலை தந்தது உங்கள் இரவு உணவுப் பட்டியல். அம்மா, உங்கள் பெருங்காய டப்பாவின் பின்புறத்தை இன்றே படித்துப் பாருங்கள். ஆப்கானிஸ்தானிலிருந்தும் ஈரானிலிருந்தும் வரும் பெருங்காயப் பிசின் அப்படியே பயன்படுத்த முடியாத அளவு காரமும் பிசுபிசுப்பும் உடையது. அதனால் அதை மாவோடும் கருவேல வகைப் பிசினோடும் சேர்த்தே கூட்டுப் பெருங்காயமாக விற்கிறார்கள். அந்த மாவு பெரும்பாலும் கோதுமை அல்லது மைதா. கட்டியாக வாங்கினாலும் இதே நிலைதான். சாம்பார், பருப்பு அடை, கொத்சு, ரசம், மிளகாய்ப்பொடி என்று எண்ணினால் உங்கள் ஏழு நாளில் ஐந்து நாள் அது நுழைந்திருக்கக்கூடும். சிட்டிகைதானே என்று விட முடியாது: ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கும் உணவைக் குளூட்டன் இல்லாதது என்று நம் நாட்டு விதியே ஏற்பதில்லை. அரிசி மாவு சேர்த்த பெருங்காயம் கிடைக்கிறது. கிடைக்கும்வரை அவளுக்குப் பூண்டும் சீரகமும் போதும்.

இன்னும் இரண்டு இடங்கள். அரிசியையும் கேழ்வரகையும் மாவு மில்லில் திரித்தால், உங்களுக்கு முன்னால் திரித்தவருடைய கோதுமை கல்லில் தங்கியிருக்கும்; வீட்டு மிக்ஸியில் அரைத்துச் சலியுங்கள். சப்பாத்திக்குப் பயன்படும் சல்லடை, பலகை, தோசைக்கல் மூன்றும் அவளுக்குத் தனியாக இருக்கட்டும். அடுத்த பரிசோதனை எப்போது?

மறுமொழி 3

ஒரு சிறிய குறிப்பு மட்டும் சேர்க்கிறேன். 40 கிராம் உளுந்தை ஊறவைத்து, இட்லிக்கு அரைப்பதுபோல் பொங்கப் பொங்க அரைத்து மேற்சொன்ன கலவையில் சேர்த்தால் பிரெட் மறுநாளும் மென்மையாக இருக்கிறது. உளுந்தின் வழவழப்பு காற்றைப் பிடித்துவைக்கும் என்பது இட்லி ஊற்றும் நமக்குத் தெரிந்ததுதான். உளுந்தில் இருக்கும் ஈரத்துக்கு ஈடாகத் தண்ணீரை 50 மில்லி குறைத்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்

மூவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. டப்பாவைப் பார்த்தேன். சேர்மானத்தில் கோதுமை மாவு என்று தெளிவாகவே அச்சிட்டிருக்கிறது. ஏழு மாதங்களாக நாள்தோறும் அதைத் திறந்து மூடியும் நான் ஒருமுறைகூடப் படிக்கவில்லை. ஆறாம் மாதப் பரிசோதனையில், குருதியில் இந்நோயைக் காட்டும் எதிர்ப்பொருள் அளவு இறங்கியிருந்தாலும் எதிர்பார்த்த அளவு இறங்கவில்லை என்று மருத்துவர் சொல்லி, வெளியில் எங்காவது சாப்பிடுகிறாளா என்று கேட்டார். இல்லை என்று உறுதியாகச் சொல்லிவிட்டு வந்திருந்தேன். நாளை தொலைபேசியில் அழைத்துப் பெருங்காயத்தைப் பற்றிச் சொல்லப்போகிறேன். அடுத்த பரிசோதனை மூன்று மாதத்தில். மிளகாய்ப்பொடியைக் கொட்டிவிட்டுப் புதிதாக அரைத்தேன். அவளுக்கென்று ஒரு தோசைக்கல்லும் வாங்கிவிட்டோம், பழக்கிக்கொண்டிருக்கிறேன்.

நேற்று நான்காவது முறையாக, உளுந்தும் சேர்த்து, பிரெட் செய்தேன். ஒரு மணி ஐந்து நிமிடம் வெந்தது. மாலையில் எடுத்து, துணி போர்த்தி, காலையில்தான் அறுத்தேன். நடு சற்றே தாழ்ந்திருந்தது, ஆனால் அமிழவில்லை. வெள்ளரிக்காயும் புதினாச் சட்னியும் வைத்து இரண்டு துண்டுகளை டப்பாவில் கட்டிக் கொடுத்தேன். மாலையில் டப்பா காலியாக வந்தது. வெள்ளிக்கிழமையும் வேண்டுமாம், அதற்கு 20 கிராமுக்குப் பதில் 22 கிராம் இசப்கோல் போட்டுப் பார்க்கலாமா?