ஏடிஎம்மில் உதவி கேட்டது அம்மாவோட தப்பா?

தஞ்சாவூரான்:
போன வாரம் அம்மா பென்ஷன் எடுக்கப் போனாங்க. கார்டு சரியா உள்ளே போகலை. பின்னாடி நின்னவன், "குடுங்கம்மா, நான் போட்டுத் தர்றேன்"னு வாங்கிப் போட்டிருக்கான். அம்மா பின் நம்பர் அழுத்துறதைப் பக்கத்துலயே நின்னு பார்த்திருக்கான். "மெஷின்ல பணம் இல்லைம்மா"ன்னு கார்டைத் திருப்பிக் கொடுத்துட்டான். அவங்க வீடு வந்து சேர்றதுக்குள்ள நாலு தடவையா 38,000 போயிடுச்சு. பர்ஸ்ல இருந்தது அதே நீலக் கலர் கார்டு, பேரு மட்டும் வேற யாரோடதோ. இங்கிலீஷ்ல இருக்கிற பேரை அம்மா எப்படிப் படிப்பாங்க? வங்கியில "நீங்கதானே கொடுத்தீங்க"ன்னு கையை விரிச்சுட்டாங்க. ஒரு செக்யூரிட்டி இருந்திருந்தா இப்படி நடந்திருக்குமா?

முன்னாள் கேஷியர்:
படிக்கவே மனசு கஷ்டமா இருக்கு தம்பி. ஆனா செக்யூரிட்டி இருந்தாலும் வாசல்லதான் உட்கார்ந்திருப்பார். உள்ளே உதவி செய்யற மாதிரி நிக்கிறவனை மகன்னுதான் நினைப்பார். கார்டு நம்ம கையை விட்டுப் போகக் கூடாது, அவ்வளவுதான். 2017 ஜூலையில வந்த ரிசர்வ் வங்கி சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளர் கவனக்குறைவால பணம் போனா, வங்கிக்குச் சொல்ற வரைக்குமான நஷ்டம் அவரோடது. சொன்ன பிறகு போறதுதான் வங்கியோடது. அதனால முதல் மெசேஜ் வந்த நிமிஷமே கார்டை பிளாக் பண்ணணும்.

தென்காசி மகள்:
சார், வாடிக்கையாளர் மேல தப்புன்னு நிரூபிக்கிற பொறுப்பு வங்கியோடதுன்னும் அதே சுற்றறிக்கையில இருக்கே, அதை ஏன் விட்டுட்டீங்க? சின்னத் தொகைன்னா ஏடிஎம்முக்குப் போங்கன்னு வயசானவங்களைக் கவுன்ட்டர்ல இருந்து விரட்டுறதும் வங்கிதானே? 70 வயசு தாண்டினவங்களுக்கு வீட்டுக்கே வந்து பணம் கொடுக்கணும்னு 2017 நவம்பர்லயே ரிசர்வ் வங்கி சொல்லியாச்சு. எங்க அப்பாவுக்கு 76. கிளையில கேட்டா அப்படி ஒண்ணு இருக்கிறதே தெரியாதுங்கிறாங்க.

பாலக்கரை:
யாராவது மிரட்டினா பின் நம்பரைத் திருப்பிப் போடுங்க, போலீஸுக்குத் தகவல் போயிடும்.

முன்னாள் கேஷியர்:
தயவுசெஞ்சு இதைப் பரப்பாதீங்க. அப்படி ஒரு வசதியே கிடையாது. 2332-ஐத் திருப்பிப் போட்டா என்ன வரும்? அதேதானே! கத்தியைக் காட்டினா பணத்தைக் கொடுத்துட்டு உயிரோட வெளியே வாங்க.
தென்காசி மகளே, கவுன்ட்டர் விஷயத்துல நீங்க சொல்றது நியாயம். ஆனா அது சரியாகிற வரைக்கும் கார்டைக் காப்பாத்த வேண்டியது நாமதான். எஸ்பிஐல பத்தாயிரமும் அதுக்கு மேலயும் எடுத்தா ஓடிபி கேட்கும்.

தென்காசி மகள்:
ஒன்பதாயிரம் ஒன்பதாயிரமா எடுத்தா கேட்காதே சார். கார்டு மாத்துறவனுக்கு இது தெரியாமலா இருக்கும்? உள்ளேயே ஒரு ஆள் வேணும். எங்க அப்பா மாதிரி இருக்கிறவங்க வேற யாரைத்தான் கேட்பாங்க?

தஞ்சாவூரான்:
அம்மாவோட புது கார்டுல ஓரமா ஸ்டிக்கர் பொட்டு ஒட்டலாம்னு இருக்கேன். கை மாறினா உடனே தெரிஞ்சிடும்.

முன்னாள் கேஷியர்:
பொட்டு மெஷினுக்குள்ள மாட்டிக்கும் தம்பி. அழியாத மார்க்கர்ல ஒரு புள்ளி வைங்க, சிப்புலயும் கறுப்புப் பட்டையிலயும் படாம. பண மோசடிப் புகாருக்கான 1930 நம்பருக்கு இன்னும் சொல்லலைன்னா இப்பவே கூப்பிடுங்க. நாளைக்குக் காலையில கிளைக்குப் போய், எந்த ஏடிஎம், எத்தனை மணின்னு குறிச்சு, கேமரா பதிவை அழிக்காம வைக்கச் சொல்லி மனு கொடுங்க. நகல்ல சீல் வாங்காம வராதீங்க.