திருப்புவனத்தில் அம்மாவுக்குத் திதி: குடும்பத்தோடு போக யோசனை சொல்லுங்கள்

கூடல்நகர்க்காரன்:
வணக்கம். கார்த்திகைத் தேய்பிறையில் அம்மாவுக்கு முதல் வருஷத் திதி வருகிறது. தங்கச்சி குடும்பம் ஓசூரிலிருந்து வருகிறார்கள், ராமேஸ்வரம்தான் போக வேண்டும் என்று அவள் நிற்கிறாள். அப்பாவுக்கு முழங்கால் சரியில்லை, அவ்வளவு நேரம் காரில் காலை மடக்கி உட்கார முடியாது. "புஷ்பவனக் காசி பக்கத்திலேயே இருக்கு, அங்கே குடுப்போம்டா" என்று அவரே சொல்லிவிட்டதால், மதுரைக்குப் பக்கத்தில் வைகைக் கரையில் இருக்கிற திருப்புவனம் என்று நான் முடிவு செய்துவிட்டேன். சின்ன வயதில் யாரோ கூட்டிப்போன ஞாபகம்தான், ஆற்றங்கரை இப்போது எப்படி இருக்கிறது என்று தெரியாது. ஆற்றில் தண்ணீர் இருக்குமா, குளிக்கலாமா? அப்பாவைக் கரையில் எங்கே உட்கார வைப்பது? பிள்ளைகள் மூன்று பேர், திதி முடிகிறவரை சும்மா இருக்க மாட்டார்கள். திதியன்றே போவதா, இல்லை எல்லாருக்கும் லீவு கிடைக்கிற மாதிரி தை அமாவாசைக்குத் தள்ளிவிடலாமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

பூவந்திப்பக்கம்:
அண்ணே, தை அமாவாசைக்கு மட்டும் தள்ளிவிடாதீர்கள். முதல் வருஷத் திதியை அந்தத் திதியில்தான் கொடுக்க வேண்டும், அமாவாசை அதற்குப் பதில் ஆகாது, அது ஒன்று. அப்புறம் ஆடி, தை, புரட்டாசி அமாவாசைகளில் ஆற்றங்கரையில் கால் வைக்க இடம் இருக்காது, வண்டியை எங்கேயோ நிறுத்திவிட்டு நடக்க வேண்டும், உங்கள் அப்பாவுக்கு அதுதான் பெரிய கஷ்டம். சாதாரண நாளில் காலையிலேயே போய்விட்டால் நிதானமாகக் கொடுத்துவிட்டு, நெரிசல் எதுவும் இல்லாமல் சாமி கும்பிட்டு வரலாம். மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள், சாயங்காலம்தான் திறப்பார்கள், அதனால் கிளம்பும் நேரத்தைக் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் திதி செவ்வாய்க்கிழமையில் விழுந்தால் அன்று ஊருக்குள் சந்தை, ஆட்டு வண்டிகளே ரோட்டை அடைத்துவிடும்.

தண்ணீர் விஷயம் சொல்கிறேன். கார்த்திகை என்பதால் மழையும் இருக்கும், வைகை அணையிலிருந்து ராமநாதபுரம், சிவகங்கைக்குத் தண்ணீர் திறந்துவிடவும் வாய்ப்பு உண்டு. பேப்பரில் அணை நீர்மட்டம் தினமும் போடுகிறார்கள், மொத்தம் 71 அடி. 66 அடியில் முதல் எச்சரிக்கை, 69 அடிக்கு வந்துவிட்டால் மூன்றாவது எச்சரிக்கை கொடுத்து உபரி நீரைத் திறந்துவிடுவார்கள். அந்த நிலையில் பிள்ளைகளை ஆற்றுக்குள் விடவே கூடாது. திறக்காவிட்டால் மணல்தான், சீமைக்கருவேல முள்தான். அதற்காகக் கவலைப்பட வேண்டாம், கேனில் தண்ணீர் கொண்டுபோனாலே போதும், எள்ளும் தண்ணீரும் விடுவதற்கு ஆறு நிறைய வேண்டும் என்று இல்லை.

இன்னொன்று. திதி கொடுத்து வைப்பவர்களிடம் உட்காருவதற்கு முன்பே தொகையைப் பேசிக்கொள்ளுங்கள், பொருள் அவர்களுடையதா உங்களுடையதா என்பதையும் சேர்த்து. எழுந்த பிறகு பேசினால் சோகத்தோடு சண்டையும் சேர்ந்துகொள்ளும். அப்பாவுக்குப் பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்று எடுத்துப் போங்கள், மணலில் சம்மணம் போட்டு எழுவது அவரால் முடியாது.

சோழவந்தான் கொடிக்கால்:
பூவந்தி அண்ணன் சொன்னது எல்லாம் சரி, ஒன்றை மட்டும் விட்டுவிட்டார். திருப்புவனம் மதுரைக்குக் கீழே இருக்கிறது. நகரத்தின் சாக்கடை வைகையில் கலந்து அந்தப் பக்கம்தான் போகிறது. வெள்ளம் வரும் நாள் தவிர, ஓடுவது தண்ணீர் போலத் தெரிந்தாலும் முங்கிக் குளிக்கும் தண்ணீர் இல்லை. அப்பா முங்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் எங்கள் பக்கம் திருவேடகத்துக்கு வாருங்கள். மதுரைக்கு மேலே, வைகைக் கரையிலேயே ஏடகநாதர் கோயில். சம்பந்தர் எழுதிப்போட்ட ஏடு வெள்ளத்தை எதிர்த்து ஏறி வந்து நின்ற ஊர். மதுரையிலிருந்து திருப்புவனம் எவ்வளவு தூரமோ கிட்டத்தட்ட அதே தூரம்தான். தென்னந்தோப்பு, வெற்றிலைக் கொடிக்கால் எல்லாம் பார்த்துக்கொண்டே வரலாம், பிள்ளைகளுக்கும் பிடிக்கும். எங்கள் ஊர்ப் பெருமைக்குச் சொல்லவில்லை (கொஞ்சம் அதுவும்தான்).

மானாமதுரை ரயில்:
கொடிக்கால் அண்ணன் சொல்வதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. கூடல்நகர் அண்ணன் கேட்டது குளிக்க இடம் இல்லை, திதி கொடுக்க இடம். காசியிலிருந்து ராமேஸ்வரத்துக்கு எலும்பு கொண்டுபோனவர் இங்கே தங்கியபோது அது பூவாக மாறியது என்பதால்தான் சனங்கள் இந்த ஊரைத் தேடி வருகிறார்கள். அப்பாவே கேட்ட இடம், அதை மாற்றி என்ன ஆகப்போகிறது? வீட்டிலேயே குளித்துவிட்டு வரச் சொல்லுங்கள், கரையில் தலையில் தெளித்துக்கொண்டால் போதும்.

பிள்ளைகளுக்குக் கோயிலிலேயே வேலை இருக்கிறது. நந்தி கொஞ்சம் விலகி இருக்கும், ஏன் என்று கேட்பார்கள். வடகரையில் நின்ற தேவாரம் பாடிய பெரியவர்கள் மூவருக்கும் ஆற்று மணல் முழுவதும் லிங்கமாகத் தெரிந்ததாம், கால் வைக்க மனம் வராமல் அங்கேயே நின்று பாடினார்களாம், தரிசனத்துக்காக நந்தி நகர்ந்ததாம் என்று கதை சொல்லுங்கள். திருவிளையாடலில் 36-வதான இரசவாதம் செய்த படலமும் இந்த ஊர்க் கதைதான். இந்தக் கோயிலில் ஆடிய பொன்னனையாள் என்ற பெண், தங்கத்தில் வார்த்த சாமியின் அழகைப் பார்த்துக் கன்னத்தில் கிள்ளிவிட்ட கதை. என் மகளுக்கு மூவர் கதையைவிட இதுதான் பிடித்தது, திரும்பும் வழியெல்லாம் தம்பி கன்னத்தைக் கிள்ளிக்கொண்டே வந்தாள்.

திரும்பும்போது சிலைமான் பக்கம் கீழடிக்குத் திரும்பிவிடுங்கள். 2023-ல் திறந்த அருங்காட்சியகம், செட்டிநாட்டு வீட்டு மாதிரி கட்டியிருக்கிறார்கள். கருப்பு சிவப்புப் பானைகளும் எழுத்துக் கீறிய ஓடுகளும் பார்த்தால் பெரியவர்களுக்கே நேரம் போவது தெரியாது. அப்பா உள்ளே முழுவதும் சுற்ற வேண்டாம், முற்றத்தில் உட்கார்ந்துகொள்ளட்டும்.

கூடல்நகர்க்காரன்:
எல்லாருக்கும் நன்றி. திதியன்றே திருப்புவனம், குளியல் வீட்டில். வெள்ளிக்கிழமையாகத்தான் விழுகிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் மடப்புரம் காளி கோயில் இருக்கிறது, அதையும் சேர்த்துக்கொள்ளலாமே என்று தங்கச்சி இப்போது கேட்கிறாள். முடியுமா?

பூவந்திப்பக்கம்:
பாலத்தைத் தாண்டினால் மடப்புரம்தான், தூரம் ஒன்றும் இல்லை. ஆனால் வெள்ளிக்கிழமை அங்கே கூட்டம் நெரியும், எலுமிச்சை மாலை வாங்கவே வரிசை. அதோடு அங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் யார் மீதோ உள்ள கோபத்தில் காளியிடம் முறையிட்டுக் காசு வெட்டிப் போட வருகிறவர்கள், திதி கொடுத்த அன்று அப்பாவை அந்தக் கூட்டத்தில் நிற்க வைப்பானேன். தங்கச்சிக்கு அவ்வளவு ஆசை என்றால் மாப்பிள்ளையோடு போய் வரட்டும், நீங்கள் அப்பாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கீழடிக்குப் போய்விடுங்கள், அவர்கள் போய் வர மட்டும் இன்னொரு வண்டி வேண்டியிருக்கும். சாப்பாடு வீட்டிலேயே வெங்காயம் பூண்டு இல்லாமல் கட்டிக்கொண்டு போங்கள், அங்கே ஓட்டலில் அதைக் கேட்டு வாங்குவது பெரும்பாடு.