யாஷ் நகரத்தில் பேசும் ருமேனிய மொழி ஏன் எனக்குப் புரியவில்லை?

தென்றல்:
ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டில் ஒரு வருடம் இருந்து ஓரளவு பேசப் பழகிவிட்டேன். இப்போது வேலை மாறி நாட்டின் வடகிழக்கில் உள்ள யாஷுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது, வீட்டுக்கார அம்மா பேசுவதில் பாதி பிடிபடவில்லை. ‘எப்படி இருக்கிறாய்’ என்பதற்கு ‘ச்சே ஃபாச்’ என்று படித்திருந்தேன், அவர் ‘ஷி ஃபாஷ்’ என்கிறார். ‘நலம்’ என்பதற்கு ‘பினே’ இல்லை, ‘கினி’. இது மொல்தோவா நாட்டில் பேசும் தனி மொழியா?

ஆற்றங்கரை:
தனி மொழி இல்லை, ருமேனிய மொழியின் மொல்தோவிய வழக்கு. கொச்சை என்றும் நினைக்காதீர்கள், எல்லாம் ஒழுங்காகவே மாறுகிறது. ‘ச்சே’, ‘ச்சி’ ஒலிகள் ‘ஷ’ பக்கம் போகும், அழுத்தம் இல்லாத ‘எ’ பெரும்பாலும் ‘இ’ ஆகும், ‘இ’க்கு முன்னால் வரும் உதட்டு ஒலிகள் உள்ளே போய் ‘க’ மாதிரி கேட்கும். கல்லுக்குப் ‘பியாத்ரா’ என்றால் இங்கே ‘கியாத்ரா’, காலுக்குப் ‘பிச்சோர்’ என்றால் ‘கிஷோர்’. இந்த மூன்றையும் காதில் ஏற்றிக்கொண்டாலே பாதி விளங்கிவிடும்.

மலர்விழி:
நாடு பற்றிக் கேட்டதால் சொல்கிறேன். யாஷ் பழைய மொல்தாவியா சமஸ்தானத்தைச் சேர்ந்தது. அதன் கிழக்குப் பாதியை (இன்றைய மொல்தோவா நாட்டின் பெரும்பகுதி) 1812இல் ரஷ்யா எடுத்துக்கொண்டது, அதனால் இரு நாட்டுக்கும் எல்லையான ப்ரூட் ஆற்றின் இரு கரையிலும் ஒரே வழக்குதான். சோவியத் காலத்தில் அந்தப் பக்கம் அதை ரஷ்ய மொழி எழுதும் சிரில்லிக் எழுத்தில் எழுதவைத்து ‘மொல்தோவிய மொழி’ என்று தனிப்பெயர் கொடுத்தார்கள். 1989இல் லத்தீன் எழுத்து திரும்பி வந்தது, 2023 மார்ச்சில் மொல்தோவாவின் தலைநகர் கிஷினாவில் உள்ள நாடாளுமன்றம் சட்டங்களில் எல்லாம் ‘ருமேனிய மொழி’ என்றே மாற்றியது. அந்தத் தனிப்பெயர் அரசியலுக்காக வைத்தது என்பதுதான் என் கருத்து.

ஆற்றங்கரை:
ஒன்று விட்டுப்போனது. ‘வந்தான்’ என்பதற்குப் புக்கரெஸ்டில் ‘ஆ வெனிட்’ என்பார்கள், இங்கே ‘ஓ வெனிட்’ என்று கேட்கும், குழம்பாதீர்கள். அப்புறம் சந்தையில் உருளைக்கிழங்கு ‘பராபுலே’, மக்காச்சோளம் ‘பபுஷோய்’, தர்பூசணி ‘ஹர்புஸ்’. புத்தகத்தில் படித்த ‘கார்தோஃப்’, ‘பொரும்ப்’, ‘பெபெனே’ சொன்னாலும் எல்லோருக்கும் புரியும், ஆனால் பாட்டிமாரிடம் அவர்கள் சொல்லையே சொல்லிப் பாருங்கள், பேச்சு தானாக வளரும்.

தென்றல்:
ரொம்ப நன்றி. நேற்று அந்த அம்மா காலைத் தடவிக்கொண்டே ‘கிஷோர், கிஷோர்’ என்று சொன்னார், கால் வலிக்கிறது என்று இப்போதுதான் புரிகிறது. நாளைக்குக் காலையில் மருந்துக்கடைக்கு நானே போய் வருகிறேன் என்று சொல்லப்போகிறேன்.