தலைமன்னார் – மாத்தளைப் பாதை விழாவுக்கு உங்கள் வீட்டு நினைவுகள் தேவை

குழு உறவுகளுக்கு வணக்கம். 2023ஆம் ஆண்டு நம் முன்னோர் தென்னிந்தியாவிலிருந்து இலங்கை மலையகத்துக்குத் தோட்டத் தொழிலாளர்களாக வந்த இருநூறாண்டை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபவனி நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அதே பாதையையும் மன்னார், முருங்கன், மதவாச்சி, தம்புள்ளை, நாலந்தா முதலிய ஊர்களையும் முன்னிறுத்தி, எங்கள் தோட்டத்து இளைஞர்கள் மாத்தளையில் ஒருநாள் விழா நடத்தவிருக்கின்றனர்.

1914இல் தலைமன்னார் வரை ரயில் வருவதற்கு முன்னர், படகிலிருந்து இறங்கிய நம் முன்னோர், பசியாலும் காலராவாலும் வழியெங்கும் பலரை இழந்தபடி, ஆட்களைத் திரட்டி அழைத்துவந்த கங்காணியின் பின்னால் காட்டினூடே பல நாட்கள் நடந்தே மலையேறினார்கள். 1880இல் மாத்தளைக்கு வந்த ரயில் பாதையைப் பற்றிப் படங்களும் பதிவுகளும் தாராளமாகக் கிடைக்கின்றன. நடந்தவர்களைப் பற்றித்தான் ஒன்றும் எளிதில் கிடைப்பதில்லை.

ஆகவே, பாட்டன் பாட்டி சொல்லக் கேட்ட வழிநடைக் கதைகள், கும்மி அல்லது ஒப்பாரி வரிகள், தொழிலாளர்க்கு அடையாளமாகக் கொடுத்த பழைய தகரத் துண்டு, பற்றுச்சீட்டு, புகைப்படம் எவையேனும் வைத்திருப்போர் தயவுசெய்து தெரிவியுங்கள். பொருளை அனுப்ப வேண்டாம், தெளிவான படம் போதும். முழுக்கதை தெரியாவிட்டாலும், நினைவில் நிற்கும் ஓர் ஊர்ப்பெயரையாவது எழுதுங்கள். பாதையோரச் சிங்கள ஊர்களின் மக்களையும் அழைப்பதால், விளக்கப் பலகைகளைச் சிங்களத்தில் பிழையின்றி எழுதித்தரக்கூடிய இருவரும் எங்களுக்குத் தேவை. பணம் இப்போதைக்குக் கேட்கவில்லை.