அம்மாவின் மனச்சோர்வு: தாம்பரம் பகுதியினரிடம் ஓர் உதவி

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். அப்பா காலமான பிறகு, கும்பகோணம் அருகிலுள்ள கிராமத்து வீட்டைப் பூட்டிவிட்டு, 67 வயதான அம்மாவைத் தாம்பரத்தில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு அழைத்து வந்தோம். மாலையானால் அக்கம்பக்கத்துப் பெண்களோடு திண்ணையில் பூத்தொடுத்துக்கொண்டே ஊர்க்கதை பேசிப் பழகியவர், இப்போது நாங்கள் வேலைக்குச் சென்றபின் பகல் முழுவதும் தனியாக இருக்கிறார். வாங்கிக் கொடுத்த மல்லிகை மொட்டுகளைத் தொடுக்காமல் முறத்திலேயே வாடவிட்டுவிடுகிறார்.

மனநல மருத்துவர் மனச்சோர்வு என்று உறுதிசெய்து மாத்திரை கொடுத்திருக்கிறார். தூக்கம் சற்றுச் சீராகியுள்ளது. உடல், மனம், சமூகச் சூழல் ஆகிய மூன்றையும் சேர்த்தே நோயைப் பார்க்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் எங்கல் 1977-இலேயே வலியுறுத்தினார். துணையையும் ஊரையும் ஒருசேர இழந்த வெறுமையை மாத்திரை மட்டும் நிரப்பாது என்றே எனக்கும் தோன்றுகிறது. (மருந்தை நிறுத்தும் எண்ணம் எங்களுக்கு அறவே இல்லை.)

தாம்பரம், குரோம்பேட்டை பகுதியில் முதியோர் பகலில் கூடிப் பேசும் இடமோ, வயதானவர்களிடம் பொறுமையாகத் தமிழில் உரையாடும் உளவியல் ஆலோசகரோ இருந்தால் தெரிவியுங்கள். அரசின் மனநலத் தொலைபேசி ஆலோசனைச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணில் பெற்றோருக்காகப் பேசியவர்களும் தங்கள் அனுபவத்தை எழுதுங்கள். ஆலோசனை என்றாலே, "எனக்கென்ன பைத்தியமா?" என்று அழும் அம்மாவிடம் இதை எப்படி எடுத்துச் சொல்வது என்று, இந்நிலையைக் கடந்து வந்தவர்கள் கூறினால் பேருதவியாக இருக்கும்.